பிரசவ வார்டை நினைத்துப் பயப்படும் ஓர் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

மகள் பி.எஸ்சி. நர்சிங்தான் வேண்டும் என்கிறாள், உங்களுக்கோ தூக்கமே வரவில்லை. "பிரசவத்தில் ஏதாவது ஆகிவிட்டால் பழி என் பெண் தலையில் விழாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம்தான். அந்த அறையில் நர்ஸ் என்ன செய்கிறார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடுராத்திரியில் வலியோடு வரும் பெண்ணுக்குப் பெரும்பாலும் பிரசவம் பார்ப்பவர் ஸ்டாஃப் நர்ஸ்தான். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாயின் தொடையில், கருப்பையை இறுக வைக்கும் ஆக்ஸிடோசின் ஊசி 10 யூனிட். நஞ்சுக்கொடி விழுந்ததும் அடிவயிற்றில் கை வைத்துப் பார்ப்பார். கருப்பை பந்து மாதிரி இறுகியிருந்தால் சரி. பிசைந்த மாவு மாதிரி தொளதொளவென்று இருந்தால் ரத்தம் நிற்காது. அப்போது கையாலேயே தேய்த்து இறுக வைக்க வேண்டும், சிறுநீர்ப்பையைக் காலி செய்ய வேண்டும், டிரிப்ஸ் ஏற்ற வேண்டும், டாக்டருக்கும் 108-க்கும் தகவல் சொல்ல வேண்டும். எல்லாம் சில நிமிடங்களில். 500 மில்லி ரத்தம் போனாலே ஆபத்துக் கணக்கு தொடங்கிவிடும். கண்ணளவு பெரும்பாலும் குறைத்தே காட்டும் என்பதால், நனைந்த துணியை எடை போட்டுப் பார்ப்பதும் உண்டு.

பி.பி. ஏறி வலிப்பு வந்தால், அதை அடக்க மெக்னீசியம் சல்பேட் என்ற மருந்து. ஊசி போட்டதோடு வேலை முடிவதில்லை. அடுத்த டோஸுக்கு முன் முழங்காலைத் தட்டி, கால் உதறுகிறதா என்று பார்க்க வேண்டும். மூச்சை எண்ண வேண்டும், குழாய் வழியாகப் பையில் சிறுநீர் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கால் அசையவில்லையா, மருந்து உடம்பில் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம், நிறுத்த வேண்டும். முறிவு மருந்தான கால்சியம் குளுக்கோனேட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். டாக்டர் வந்து சேரும் வரை அந்தத் தாயின் உயிர் நர்ஸின் கவனத்தில்தான் இருக்கிறது. எனக்கு இந்த வேலை மேல் இருக்கும் மரியாதை இதனால்தான்.

பழி பற்றிக் கேட்டீர்களே, அதற்குத் துணை நிற்பது கேஸ் ஷீட், அதாவது நோயாளியின் சிகிச்சைக் குறிப்பேடு. எத்தனை மணிக்கு என்ன பார்த்தேன், யாருக்குத் தகவல் சொன்னேன் என்று அப்போதைக்கப்போதே எழுதும் பழக்கம் முதல் வருடத்திலேயே வர வேண்டும்.

படிப்பு 4 வருடம், இன்டர்ன்ஷிப்பும் அதற்குள் அடக்கம். தேறினால் நர்ஸ், மிட்வைஃப் (பிரசவம் பார்ப்பவர்) இரண்டாகவும் பதிவு செய்துகொள்ளலாம். அரசு வேலை மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக வரும். ஆனால் தொகுப்பூதியத்தில் சேர்ந்து நிரந்தரத்துக்காக வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் நிறையப் பேர். இதை மகளிடம் மறைக்காதீர்கள்.

கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். பயிற்சிக்கு எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறீர்கள், அங்கே மாதம் எத்தனை பிரசவம், மாணவிகள் கையால் பார்க்கிறார்களா, ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறார்களா என்று கேளுங்கள். அலுவலகத்தில் சொல்லும் பதிலோடு விடாமல், மூன்றாம், நான்காம் வருட மாணவிகளிடமும் கேளுங்கள். அப்புறம், தெரிந்த லேபர் வார்டு நர்ஸ் யாராவது இருந்தால் அவரிடம் மகளை அரை மணி நேரம் பேச விடுங்கள். நீங்களும் கூடவே போய் உட்காருங்கள்.