பால்வாடிக்கு அனுப்பினால் என்ன, அனுப்பாவிட்டால் என்ன?

கேள்வி: எங்களுக்குப் பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு கிராமம். நான் வீட்டிலேயே பீடி சுற்றுகிறேன். கணவர் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறார். இளைய மகளுக்கு மூன்றரை வயது. தெருக்கோடியில் பால்வாடி இருக்கிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் அனுப்புகிறேன். “அங்கே சோறு போட்டுத் தூங்கவைப்பார்கள், அவ்வளவுதான், ஒன்றாம் வகுப்பு வந்தால் தானாகப் படித்துக்கொள்வாள்” என்கிறார் மாமியார். கணவரோ, கடன் வாங்கியாவது வேன் வரும் ஆங்கிலப் பள்ளியில் எல்.கே.ஜி. சேர்க்கலாம் என்கிறார். எது சரி? பீடி ஒப்படைக்கப் போகும் நாளில் சின்னவளைப் பார்த்துக்கொள்ள, நான்காம் வகுப்புப் படிக்கும் மூத்தவளை வீட்டில் நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.
– ஒரு வாசகி

பதில்:
அன்புள்ள சகோதரிக்கு,

கேட்டதை விட, போகிற போக்கில் நீங்கள் கடைசியாக எழுதிய வரிதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் உங்கள் மாமியாரின் பேச்சை எடுத்துக்கொள்வோம்.

அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. 1975 அக்டோபர் 2 அன்று, பால்வாடி என்று நாம் சொல்லும் அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியபோதே முன்பருவக் கல்வியும் அதில் ஓர் அங்கமாக இருந்தது. ஆனால் எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, பதிவேடுகளை நிரப்புவது, சமையலைக் கவனிப்பது என்று அத்தனையும் ஒரே டீச்சரின் தலையில் விழுவதால், பல மையங்களில் பாட்டும் கதையும் கடைசி இடத்துக்குப் போய்விடுகின்றன. இது அந்த டீச்சரின் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. நம் தமிழ்நாட்டிலேயே கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த அங்கன்வாடிகளில், குழந்தைகளுக்குக் கற்பிப்பதற்கென்றே அரைநாள் வேலைக்கு இன்னொரு பணியாளரை நியமித்து, அப்படி நியமிக்காத மையங்களோடு ஒப்பிட்டார்கள். கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்கானது. 18 மாதங்களுக்குப் பிறகு, தொடர்ந்து வந்த குழந்தைகள் கணக்கிலும் மொழியிலும் மற்ற மையத்துக் குழந்தைகளைத் தெளிவாக முந்தியிருந்தார்கள். வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகளின் விகிதமும் கடுமையான சத்துக்குறைவும்கூட அந்த மையங்களில் குறைவாகவே இருந்தன. அதே கட்டடத்தில், அதே ஊர்ப் பிள்ளைகளிடம் இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது, பிள்ளைகளோடு உட்கார ஓர் ஆள் இருந்ததுதான்.

ஆகவே, மையத்தில் சேர்ப்பதால் மட்டும் பயன் வந்துவிடாது; அங்கே அந்த நேரம் எப்படிப் போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். வேன் வரும் பள்ளிக்கும் இதே அளவுகோல்தான். அசாம், ராஜஸ்தான், தெலங்கானா ஆகிய மூன்று மாநிலங்களில் 4 வயதிலிருந்து 8 வயது வரை ஏறத்தாழ 14,000 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2017-இல் வெளியான ஆய்வொன்று, தனியார் மழலையர் பள்ளிகள் பலவும் ஒன்றாம் வகுப்புப் பாடத்தையே கீழே இறக்கி, எழுதவும் ஒப்பிக்கவும் வைப்பதைப் பதிவு செய்தது. விளையாட்டும் பேச்சும் செயலுமாக நடந்த மையங்களின் குழந்தைகளே பள்ளிக்கு நன்றாகத் தயாராகியிருந்தார்கள். மூன்றரை வயதுப் பிஞ்சு விரலில் பென்சிலைத் திணித்து நான்கு கோட்டு நோட்டை நிரப்பச் செய்வதற்காக நீங்கள் கடன்பட வேண்டாம் என்பதே என் கருத்து.

ஒரு நாள் காலை பத்து மணிக்குப் பால்வாடிக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். டீச்சர் மட்டும் பேசுகிறாரா, பிள்ளைகளும் பேசுகிறார்களா? கதை சொல்லி “அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேட்கிறாரா? ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்ற பாடத்திட்டப்படி அந்த மாதத்துக்கு என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். விளையாட்டுப் பொருட்கள் பிள்ளைகளின் கைக்கு எட்டுகின்றனவா, பீரோவுக்குள் பத்திரமாகப் பூட்டியிருக்கின்றனவா என்பதையும் கவனியுங்கள். அதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஓரளவு நடக்கிறது என்று தோன்றினால், சின்னவளை அங்கேயே விடுங்கள்.

ஆனால் தினமும் விடுங்கள். பள்ளி வருகை பற்றி ஆராய்பவர்கள், பத்து நாளில் ஒரு நாள் வராமல் போவதையே, அதாவது மாதத்துக்கு இரண்டு நாளையே, கவலைப்பட வேண்டிய அளவாகக் கொள்கிறார்கள். உங்கள் மகளோ வாரத்திலேயே பாதி நாள் வருவதில்லை. சிகாகோ நகரப் பள்ளிகளில் நடந்த ஆய்வில், மழலையர் வகுப்பில் அடிக்கடி வராமல் இருந்த பிள்ளைகளே பின்னால் இரண்டாம் வகுப்பிலும் வராமலிருக்கும் போக்கைக் கொண்டிருந்தார்கள். அங்கே பெரும்பாலான விடுப்புக்குக் காரணம் உடல்நலக் குறைவு. வேலூரிலும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர், நகரின் ஏழ்மையான குடியிருப்புக் குழந்தைகளைப் பிறந்தது முதல் தொடர்ந்து கவனித்து, இரும்புச்சத்துக் குறைவுக்கும் ஐந்து வயதில் குழந்தையின் அறிவுத்திறனுக்கும் தொடர்பு இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். அதனால் பால்வாடி முட்டையை “வெறும் சோறு” கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று மாமியாரிடம் சொல்லுங்கள். சளி, இருமல் அடிக்கடி வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தச்சோகைக்கும் சேர்த்துப் பாருங்கள். பீடித்தூள் கொட்டிய முறத்தருகே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதை விட பால்வாடியின் தரை அவள் நெஞ்சுக்கு நல்லது என்பதையும் நான் சொல்லாமல் விட முடியவில்லை.

இப்போது மூத்தவள். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளப் பெண் பிள்ளைகளை வீட்டில் நிறுத்துவது நம் பகுதியில் பழைய வழக்கம். 1982 ஜூலையில் தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுப் பிள்ளைகளையும் மையத்துக்குள் கொண்டுவந்தபோது, அக்காமார்களின் கையும் ஓரளவு விடுபட்டது. உங்கள் வீட்டிலோ, பீடி ஒப்படைக்கும் நாளில் சின்னவள் வீட்டில் நின்றால், அது இரண்டு பேரின் வருகையையும் எடுத்துவிடுகிறது. நான்காம் வகுப்பில் தவறும் நாட்கள் சின்னவளின் நாட்களை விடக் கடுமையானவை; வகுத்தல் கணக்கு நடந்த அன்று இல்லாதவளுக்கு அடுத்த வாரப் பாடமும் சேர்ந்து புரியாது, புரியாத வகுப்புக்குப் போகவும் மனம் வராது.

பீடி ஒப்படைக்கும் நாளும் நேரமும் உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். அந்த நாளைப் பால்வாடி டீச்சரிடம் சொல்லி வையுங்கள்; பிள்ளைகளை விடும் நேரத்துக்குள் நீங்கள் திரும்ப முடியாவிட்டால், அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் மாமியார் போய் அழைத்துவரட்டும். எல்.கே.ஜி.க்கென்று கணவர் வாங்க நினைத்த கடனை அவர் இப்போதைக்கு வாங்க வேண்டாம். மூத்தவளின் வகுப்பாசிரியரை இந்த வாரமே பார்த்து, இந்த ஆண்டு அவள் எத்தனை நாள் வரவில்லை, எந்தெந்தப் பாடம் விட்டுப்போயிருக்கிறது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.