வெறும் வயிற்றில் 115, எச்பிஏ1சி 8.2: எது சரி?

கேள்வி: பெரம்பூரில் வசிக்கிறேன், வயது 54. ஏழு வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு என்று இரண்டு மாத்திரை சாப்பிடுகிறேன். தினமும் காலையில் வீட்டு மெஷினில் பார்த்தால் 110, 115தான். ஆனால் எச்பிஏ1சி 8.2 என்று வந்திருக்கிறது. லேபில் தப்பு செய்துவிட்டார்களா? காலையில் ராகிக் கஞ்சி, மதியம் சாதம், ராத்திரி இட்லி. ஸ்வீட் தொடுவதே இல்லை.

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம். எச்பிஏ1சி என்பது ரத்தச் சர்க்கரையின் நீண்ட காலச் சராசரியைக் காட்டும் பரிசோதனை. அது 8.2 என்றால் கடந்த இரண்டு மூன்று மாதங்களில் இரவும் பகலும் சேர்த்துச் சராசரி சுமார் 189. காலையில் 115 இருப்பவருக்கு அந்தச் சராசரி வர வேண்டுமானால், பகலில் பல மணி நேரம் 200-ஐத் தாண்டி நின்றிருக்க வேண்டும். நாளிலேயே நல்ல நேரமாகப் பார்த்துத்தான் விரலைக் குத்துகிறீர்கள்! (இரும்புச்சத்துக் குறைவிருந்தால் எச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். ஹீமோகுளோபினையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.)

காலைச் சோதனையை வாரத்துக்கு இரண்டாகக் குறையுங்கள். மிச்சமாகும் ஸ்ட்ரிப்பை ஜோடியாகச் செலவழியுங்கள்: சாப்பிடும் முன் ஒன்று, இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. திங்களன்று காலை உணவு, புதனன்று மதியம், வெள்ளியன்று இரவு. இரண்டு மணி நேரம் என்பது முதல் வாய் வைத்ததிலிருந்து. பலரும் சாப்பிட்டுக் கை கழுவியதிலிருந்து கணக்கு வைக்கிறார்கள். கஞ்சிக்கு முன் 112, பின்பு 231 என்றால் அந்த ஒரு டம்ளர் ஏற்றியது 119. பொதுவாக, சாப்பிட்ட பின் 180-க்குள் இருப்பதுதான் இலக்கு.

குத்துவதற்கு முன் சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். மாம்பழம் நறுக்கிய விரலோடு பார்த்தால் மெஷின் பழத்தின் சர்க்கரையையும் சேர்த்தே சொல்லும். நுனியின் நடுவில் வேண்டாம், பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. ரத்தம் வரவில்லையென்று அழுத்திப் பிழியாதீர்கள். கையைத் தொங்கவிட்டு உதறினால் போதும். சென்னைப் புழுக்கத்தில் ஸ்ட்ரிப் டப்பா திறந்து கிடந்தால் ஸ்ட்ரிப் கெட்டு, எண் தாறுமாறாகும். எடுத்தவுடன் மூடுங்கள், திறந்த தேதியை மேலே எழுதிவையுங்கள். ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது. லேபில் 200 காட்டும்போது மெஷினில் 170 முதல் 230 வரை வந்தால் அது அனுமதிக்கப்பட்ட வித்தியாசம்தான்.

இனி சாப்பாடு. என் சந்தேகம் முதலில் கஞ்சி மீதுதான். ராகியிலும் கிட்டத்தட்ட அரிசியைப் போலவே நூறு கிராமுக்குச் சுமார் எழுபது கிராம் மாவுச்சத்து. அதை நைசாக அரைத்துக் குழையக் கொதிக்கவைத்து மடமடவென்று குடித்தால், மெல்லும் வேலைகூட இல்லாமல் ரத்தத்தில் ஏறும். ராகியை விட மனமில்லையென்றால், முருங்கைக்கீரை போட்ட அடையாகத் தட்டி ஒன்று சாப்பிடுங்கள். கூடவே ஒரு கிண்ணம் சுண்டல் அல்லது ஒரு முட்டை. மதியம் சாதத்தைக் கரண்டியில் அல்ல, 200 மில்லி டம்ளரில் அளந்து தட்டில் போடுங்கள்: முதல் வாரம் ஒரு டம்ளர், மறுசோறு கிடையாது. பொரியலையும் கூட்டையும் பாதி சாப்பிட்ட பிறகுதான் சாதத்தில் கை வைக்க வேண்டும். இந்த வரிசை மாற்றமே ஏற்றத்தைக் குறைக்கும். இட்லி மூன்றோடு நிறுத்தி, சாம்பாரில் பருப்பும் காயும் கூட்டுங்கள். சாப்பிட்டதும் மொட்டைமாடியில் பதினைந்து நிமிட நடை. ஒரு வாரம் கழித்து அதே ஜோடியை மறுபடி பாருங்கள்.

ஒன்றில் மட்டும் கவனம். கிளிமிபிரைடு சாப்பிடுகிறவர் சாதத்தைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போகலாம். அதனால் மாற்றத்தைத் தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரை அளவை அவர்தான் மாற்ற வேண்டும். கை நடுங்கி, வியர்த்து, மெஷினில் 70-க்குக் கீழே காட்டினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, பதினைந்து நிமிடத்தில் மறுபடி பாருங்கள். இன்னும் 70-க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு முறை அதேபோல் குடியுங்கள். ஏறியதும் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிடுங்கள், அன்றே டாக்டருக்குத் தகவல் சொல்லுங்கள்.