மேடை அப்புறம், முதலில் ஒத்திகை அறை

கேள்வி: நான் வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. சிறு வயதிலிருந்தே நடனம் கற்றவள். இப்போது சொந்தமாக ஒரு குழு நடனம் அமைக்க ஆசை. எட்டுப் பேர், இருபது நிமிடம் என்று மனதில் ஒரு வடிவம் இருக்கிறது. ஆனால் நான் நடனத் துறை மாணவி இல்லை, கையில் பணமும் இல்லை. பல்கலைக்கழகத்தில் யாரிடம் போய் என்ன கேட்பது?

பதில்: முதலில் அந்த எட்டுப் பேர், இருபது நிமிடத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். புதிதாக நடனம் அமைப்பவருக்கு மேடையில் தெரியும் ஒரு நிமிடத்துக்கு மூன்று, நான்கு மணி நேர ஒத்திகையாவது பிடிக்கும். இருபது நிமிடம் என்றால் 60 முதல் 80 மணி நேரம். வாரத்துக்கு நான்கு மணி நேரம் கிடைத்தாலே பெரிய விஷயம்; அப்படியே கிடைத்தாலும் செமஸ்டர் முழுவதும் இதற்கே போய்விடும். எட்டுப் பேருக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு இல்லாத மாலை வேளை அமைவது அதைவிடக் கஷ்டம். மூன்று பேர், ஆறேழு நிமிடம் என்று ஆரம்பியுங்கள். பெல்ஜியத்தின் நடன அமைப்பாளர் ஆன் தெரேசா டி கீர்ஸ்மேக்கர் 1981இல் நியூயார்க்கில் மாணவியாக இருந்தபோது அமைத்தது, இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக்கின் வயலின் இசைக்குத் தான் மட்டுமே ஆடும் ஒரு நடனம். அடுத்த ஆண்டு அதையே ஒரு பகுதியாக வைத்து முழு நிகழ்ச்சியை உருவாக்கினார். அது இன்றும் மேடையேறுகிறது.

இனி யாரிடம் கேட்பது என்பதற்கு வருவோம். மாணவர்கள் பெரும்பாலும் மேடையைக் கேட்டுத்தான் அலைகிறார்கள். நான் அறையைக் கேட்கச் சொல்வேன். மேடை ஒரு மாலைக்குத்தான். அறை பல வாரங்களுக்குத் தேவை. படிப்பு முடிந்து வெளியே போனதும், மணிக்கணக்கில் வாடகை கொடுத்து எடுக்க வேண்டிய முதல் பொருளும் அதுதான்.

நடனத் துறையின் ஸ்டூடியோக்களை அந்தத் துறை மாணவர்களுக்குத்தான் முதலில் தருவார்கள். அதற்குள் நுழைய நேரான வழி, நடன அமைப்பு பற்றிய ஒரு விருப்பப் பாடத்தில் சேர்வது. வேறு துறை மாணவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்களா என்று துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். பல இடங்களில் பாடத்தில் பெயர் இருந்தாலே அறையை முன்பதிவு செய்யும் உரிமையும் வந்துவிடும். அது நடக்கவில்லையா? நாடகக் குழுவின் ஒத்திகைக் கூடம், உடற்பயிற்சிக் கூடத்தின் யோகா அறை என்று தேடுங்கள். இரவு நேரமும் வார இறுதியும் யாரும் அதிகம் கேட்காத நேரங்கள்.

அறை கிடைத்ததும் குதிகாலால் தரையைத் தட்டிப் பாருங்கள். கான்கிரீட்டின் மேல் டைல்ஸ் ஒட்டிய தரை என்றால் குதிக்கும் அசைவுகளை அங்கே திரும்பத் திரும்பச் செய்ய வைக்காதீர்கள். முழங்காலும் கணுக்காலும் கணக்குத் தீர்த்துவிடும். அப்புறம், ஆடப்போகும் மேடையின் அகலத்தையும் ஆழத்தையும் கேட்டு வாங்கி, அதே அளவுக்குத் தரையில் டேப் ஒட்டுங்கள். மேடை இன்னும் முடிவாகவில்லை என்றால் ஓர் அளவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாத குழுக்கள், கடைசி நாளில் மேடையேறி ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம்.

ஆசிரியர் ஒருவரின் துணை வேண்டும். 'எனக்கு வழிகாட்டுங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் யாருக்கும் தயக்கம் வரும். 'இந்த செமஸ்டரில் மூன்று தடவை வந்து அரை மணி நேரம் பார்த்துச் சொல்வீர்களா?' என்று கேளுங்கள். தனி ஆய்வுப் பாடம் என்ற ஏற்பாடு இருந்தால், அவர் மேற்பார்வையில் இந்த நடனத்துக்கே மதிப்பெண்ணும் வாங்கலாம்.

என் கணக்கில் பல்கலைக்கழகத்தின் உண்மையான சொத்து மற்ற துறை மாணவர்கள்தான். இசையமைப்பு படிப்பவருக்குத் தன் இசையை யாராவது பயன்படுத்த வேண்டும். ஒளியமைப்பு படிப்பவருக்கு ஒரு மேடை வேண்டும். திரைப்படம் படிப்பவருக்குப் படமெடுக்க ஏதாவது வேண்டும். உங்களுக்கு இவர்கள் மூவரும் வேண்டும். சக மாணவர் உருவாக்கிய இசை என்றால், பின்னால் வீடியோவை இணையத்தில் ஏற்றும்போது காப்புரிமைத் தலைவலியும் இல்லை. அவரிடம் எழுத்தில் ஒரு அனுமதி மட்டும் வாங்கி வையுங்கள். 1962இல் நியூயார்க்கின் ஜட்சன் நினைவுத் தேவாலயத்தில் இளம் நடனக் கலைஞர்கள் நடத்திய நிகழ்ச்சி, நவீன நடனத்தின் போக்கையே மாற்றியது. அது ராபர்ட் டன் நடத்திய நடன அமைப்பு வகுப்பிலிருந்து கிளைத்தது. டன் ஓர் இசைக்கலைஞர்.

பணத்துக்கு மாணவர் பேரவை, கலை மன்றம் இரண்டிலும் விண்ணப்பியுங்கள், கல்வியாண்டு தொடங்கும்போதே. நடுவில் போனால் பெட்டி காலியாகியிருக்கும். உடை, ஒளிப்பதிவு, பயணம் என்று பிரித்து எழுதுங்கள். மொத்தமாக ஒரு தொகையை எழுதினால் முதலில் வெட்டு விழுவது அதில்தான்.

மேடைக்கு வருவோம். ஆண்டு நிகழ்ச்சிக்கான தேர்வில் பாதி முடிந்த நடனத்தைக் காட்டினாலே பல இடங்களில் போதும், எனவே முழுதாக முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அதற்கு முன்பே ஒத்திகை அறையிலேயே பத்துப் பதினைந்து பேரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கருத்துக் கேட்பதற்கு அமெரிக்க நடன அமைப்பாளர் லிஸ் லெர்மன் வகுத்த முறை நன்றாக உதவும். பார்த்தவர்கள் முதலில் தங்கள் மனதில் நின்றதைச் சொல்ல வேண்டும். பிறகு நீங்கள் உங்கள் சந்தேகங்களைக் கேட்கலாம். அதன்பின் அவர்கள் தீர்ப்புச் சொல்லாத கேள்விகளைக் கேட்பார்கள். கடைசியாகத்தான் அபிப்பிராயம், அதுவும் நீங்கள் சரி என்றால் மட்டும். 'நல்லா இருந்தது' என்ற ஒற்றை வரியோடு யாரும் நழுவ முடியாது.

பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான விழாக்களும் உண்டு. அமெரிக்காவில் 1973இலிருந்து கல்லூரி நடன விழாக்கள் நடக்கின்றன. எந்தக் கல்லூரி, யார் அமைத்தது என்று தெரியாமலேயே நடுவர்கள் பார்த்துக் கருத்துச் சொல்வது அங்கே வழக்கம். உங்கள் நாட்டில் அப்படி ஏதாவது உண்டா, வேறு துறை மாணவர்களை அனுப்புவார்களா என்று நடனத் துறையில் கேளுங்கள்.

மேடையேறும் நாளில் ஒரு அழகான வீடியோவும் ஒரு பயனுள்ள வீடியோவும் எடுங்கள். இரண்டும் வேறு. முகத்தை நெருங்கிக் காட்டி வெட்டி ஒட்டியது நண்பர்களுக்கு. நிதியுதவிக்கோ மேற்படிப்புக்கோ விண்ணப்பிக்கும்போது, அரங்கின் பின்வரிசை நடுவில் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, மேடை முழுவதும் சட்டத்துக்குள் தெரிய, தொடக்கம் முதல் முடிவு வரை வெட்டாமல் எடுத்ததைத்தான் கேட்பார்கள். இருட்டான காட்சிகள் கேமராவில் வெறும் கறுப்பாகத்தான் விழும், அதனால் விளக்கு ஒத்திகையன்றே ஒரு தடவை பதிவு செய்து பார்த்துவிடுங்கள். ஆடுபவர்களிடம் வீடியோவைப் பயன்படுத்த அனுமதி வாங்குவதையும் அன்றைக்கே முடித்துவிடுங்கள். படிப்பு முடிந்து ஆளுக்கொரு ஊருக்குப் போன பிறகு மூன்று பேரிடமும் கையெழுத்து வாங்குவது லேசில்லை.