இறந்த ஊர், அடக்கமான ஊர்: கல்லறைப் பதிவு தேடுவோருக்குக் கேள்வி பதில்

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து: தாத்தா 1983-இல் இறந்தார், அடக்கம் கடலூரில். மாநகராட்சியில் பதிவே இல்லை என்கிறார்களே ஐயா?

உயிர் பிரிந்தது எங்கே என்று முதலில் வீட்டில் விசாரியுங்கள். 1969-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி இறந்த இடத்தில்தான் பதிவு, புதைத்த இடத்தில் அல்ல. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் இறந்திருந்தால் பெயர் புதுச்சேரிப் பதிவேட்டில் இருக்கும். ஆண்டையும் ஒன்றிரண்டு முன்பின் தள்ளித் தேடச் சொல்லுங்கள். வீட்டார் நினைவில் நிற்பது தமிழ் மாதமும் திதியும்தான். மார்கழி என்றால் பாதி டிசம்பர், பாதி ஜனவரி, ஆங்கில ஆண்டே மாறிவிடும். அப்படியும் கிடைக்காவிட்டால் ‘பதிவு இல்லை’ என்பதை எழுத்தில் வாங்குங்கள். தாமதப் பதிவுக்கு அந்தத் தாளைத்தான் கேட்பார்கள், வாய்ச்சொல் செல்லாது.

வில்லியனூரிலிருந்து: 1890 வாக்கில் இறந்த கொள்ளுத்தாத்தாவைத் தேட வழி உண்டா?

உண்டு, நல்ல வழியே உண்டு. புதுச்சேரியின் பிரெஞ்சுக் காலத்து ‘எத்தா சிவில்’ (பிறப்பு, திருமணம், இறப்பு) பதிவேடுகளைப் பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகர ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை தொகுத்த பெயர் அட்டவணை இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியிராது. சிக்கல் பெயரில்தான் வரும். 1881 செப்டம்பர் 21 பிரெஞ்சு ஆணைப்படி தம் சமூக வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் புதிதாகக் குடும்பப் பெயர் எடுத்தார்கள். அப்பா ஒரு பெயரிலும் மகன் வேறு பெயரிலும் இருப்பார்கள். ஆகவே பெயரை மட்டும் நம்பாமல் தகப்பன் பெயர், தொழில், தெரு மூன்றையும் ஒத்துப் பாருங்கள். தேதியிலும் ஒரு கண்ணி: 7-ஐ ஒட்டிப் பொடி எழுத்துகள் (7bre) இருந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர். 8 அக்டோபர், 9 நவம்பர், ரோமன் பத்து டிசம்பர்.

முத்தியால்பேட்டையிலிருந்து: பங்குக் கோயிலில் என்ன சொல்லிக் கேட்பது?

ஞானஸ்நானப் பெயர். வீட்டில் கூப்பிட்ட பெயரைச் சொன்னால் கிடைக்காது. அடக்கத் தேதியும் இறந்த தேதியும் ஒரு நாள் வேறுபடலாம், குழம்ப வேண்டாம்.

உப்பளத்திலிருந்து: கல்லறை எழுத்து தேய்ந்துவிட்டது. ஆசிட் போடலாமா?

தயவுசெய்து வேண்டாம். ஆசிட், கம்பி பிரஷ், சாக்கட்டி எல்லாமே கல்லைக் கெடுக்கும். வெறும் தண்ணீர், மெல்லிய பிரஷ் போதும். காலை ஏழு மணி வெயில் பக்கவாட்டில் விழும்போது போட்டோ எடுங்கள். நிழல் குழியில் தங்கி எழுத்து எழும்பும். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முன் புதர் வெட்டியிருப்பார்கள், அந்த வாரம் போவது நல்லது.

குறிஞ்சிப்பாடியிலிருந்து: பழைய இடுகாடு இருந்த இடமே தெரியவில்லை.

கிராம நிலங்களைப் பட்டியலிடும் ‘அ’ பதிவேட்டில் மயானப் புறம்போக்கு என்று புல (சர்வே) எண்ணோடு இருக்கும். எண் கிடைத்ததும் புலப்படம் வாங்கி, கிராம நிர்வாக அலுவலரிடம் எல்லையைக் காட்டச் சொல்லுங்கள். பொதுக் குழிகளில் சில ஆண்டுகள் கழித்து மறுபடி புதைப்பது வழக்கம். இடம் கிடைத்தாலும் தனிக் குழி அடையாளம் இருக்காது.