ஏசி காயிலில் ஐஸ்: கேஸ் நிரப்பும் முன்

ஏசி போட்ட கொஞ்ச நேரத்தில் உள் யூனிட் காயிலில் (குளிரூட்டும் குழாய்ச் சுருளில்) ஐஸ் கட்டுகிறது, போன வருடம்தான் கேஸ் நிரப்பினோம், மெக்கானிக் மறுபடியும் நிரப்பச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பொறுங்கள். கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோவதில்லை. மூடிய குழாய்க்குள் அதுவே சுற்றிக்கொண்டிருக்கும். குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவைப் பார்க்காமல் நிரப்பினால் அடுத்த வருடமும் இதே கதைதான்.

முதலில் ஐஸ் எங்கே பிடிக்கிறது என்று கவனியுங்கள். காயில் முழுக்கப் படர்ந்தால் பெரும்பாலும் காற்றோட்டக் குறைவு. கேஸ் நுழையும் முனையில் மட்டும் வெள்ளை பூத்து, மீதிக் காயில் ஈரமே இல்லாமல் இருந்தால் கேஸ் குறைவு என்று சந்தேகிக்கலாம்.

காற்றோட்டம் என்றதும் எல்லாரும் ஃபில்டரைக் கழுவிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். உள்ளே காற்றை ஊதும் உருளை வடிவ ப்ளோயரை டார்ச் அடித்துப் பாருங்கள். அதன் இறகுகளில் அழுக்கு அப்பியிருந்தால் ஃபில்டர் பளபளத்தும் பயனில்லை.

ஐஸைக் கத்தியால் சுரண்டவே கூடாது, குழாய் ஓட்டையாகும். ஃபேன் மோடில் ஓடவிட்டுக் கரையவிடுங்கள். பிறகு மெயினை அணைத்துவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் அலுமினியத் தகடுகளின் போக்கிலேயே மேலிருந்து கீழாகத் தேய்க்கலாம். குறுக்கே தேய்த்தால் மடங்கிவிடும். ஆசிட், ப்ளீச் எதுவும் வேண்டாம்.

இதற்குப் பிறகும் ஐஸ் வந்தால் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, கசிவு இருக்கிறதா என்று குழாய் இணைப்பு நட்டுகளில் சோப்பு நுரை தடவிக் காட்டச் சொல்லுங்கள். எண்ணெய்க் கறை தெரியும் இடத்தில் முதலில் தடவட்டும்.