முடக்கு வாதத்தோடு அன்றாடம் வாழும்போது மனசு உடையாமல் எப்படிச் சமாளிப்பது?

முப்பத்தாறு வயது, இரண்டு வருடமாக முடக்கு வாதம், வலியைவிட அழுகைதான் அதிகம் என்று கேட்டிருக்கிறீர்கள். தைரியம் சொல்ல ஊரே இருக்கிறது. நான் நேரக் கணக்கைச் சொல்கிறேன்.

மூட்டுகள் வீங்கி இறுகும் இந்த நோயில் விரல்கள் காலையில்தான் மோசம். இறுக்கம் தளர ஒரு மணி நேரம் ஆகும், சில நாள் அதற்கும் மேல். குக்கர் மூடி, தேங்காய்த் துருவல், பிள்ளையின் டிபன் பாக்ஸ் கிளிப் எல்லாம் அதே ஒரு மணி நேரத்தில்தான் வந்து நிற்கும். கை மடங்காத நேரத்தில் கையை நம்பிய வேலை. அழுகை வராமல் என்ன செய்யும்? தேங்காய் துருவுவது, காய் நறுக்குவதை எல்லாம் முதல் நாள் மதியம் மூன்று மணிக்கு மாற்றுங்கள். காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் கையை வைத்து, உள்ளேயே மெதுவாக மூடித் திறங்கள். மூட்டு சிவந்து கொதிக்கிற நாளில் சூடு வேண்டாம், ஈரத்துணி போதும். துணி பிழிய விரலை முறுக்காமல் குழாயில் சுற்றி உள்ளங்கையால் திருகுங்கள்.

அடுத்தது மாத்திரை. மனச்சோர்வில் அதற்கும் பங்கு உண்டு. ஸ்டீராய்டை ராத்திரி போட்டால் தூக்கம் கெடும், எரிச்சல் வரும்; காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். முடக்கு வாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை வாரம் ஒருமுறை மட்டும். மறுநாள் குமட்டலும் அசதியும் பலருக்கு உண்டு. சனி ராத்திரி போட்டால் அந்த அசதி ஞாயிற்றுக்கிழமை வந்து விழும், நம் வீடுகளில் அடுப்பு அணையாத நாளே அதுதான். கிழமையை மாற்றலாமா என்றும் கேட்டுவிடுங்கள்.

இங்கே ஒரு ஆதங்கம். மாதத்துக்கு நாலு மாத்திரை என்றால் கடையில் அட்டையைக் கத்தரித்துத் தருகிறார்கள். பேரும் காலாவதித் தேதியும் வெட்டுப்பட்டுப் போகிறது. கூடவே ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின், அதுவும் சின்ன மஞ்சள் மாத்திரையாகவே இருக்கும். மாத்திரை மாறி மெத்தோட்ரெக்ஸேட்டைத் தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜையே படுத்துவிடும், உயிருக்கே ஆபத்து. முழு அட்டையாகக் கேளுங்கள், கிழமையைப் பேனாவால் எழுதி வையுங்கள். 'ஆங்கில மருந்தே விஷம்' என்று சண்டைக்கு வருபவர்களிடம் ஒன்றுதான்: கோணிப்போன விரலை எந்தக் கஷாயமும் நிமிர்த்தாது.

தினசரி காலண்டர் தாளில் இறுக்கம் எத்தனை நிமிடம், வலி பத்துக்கு எத்தனை என்று குறியுங்கள். மோசமான வாரத்தில் 'இனி இப்படியேதான்' என்று தோன்றும். முந்தைய தாள்கள் அப்படி இல்லை என்று காட்டும். டாக்டருக்கும் அதுதான் வேண்டும். இரண்டு வாரம் விடாமல் எதிலும் பிடிப்பே இல்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-இல் தமிழிலேயே பேசலாம், இலவசம்.

வீட்டில் 'பாக்க நல்லாத்தானே இருக்கே' என்பார்கள். வீக்கம் குறைவான நாளில் வெளியே எதுவும் தெரியாது, அவர்கள் கண்ணையும் குறை சொல்ல முடியாது. 'முடியல' என்றால் அது அவர்கள் காதில் சலிப்பாக மட்டுமே விழும். 'சப்பாத்தி மாவு நீங்க பிசைஞ்சு குடுங்க, பத்து மணிக்கு மேல நான் சுட்டுடறேன்' என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் மாவு பிசைந்து வரும்.