கிராமத்துப் பசியைக் குறைக்க விவசாயிகளால் என்ன செய்ய முடியும்?

விளைச்சலைக் கூட்டும் வழிகளை எதிர்பார்த்து நீங்கள் இதைக் கேட்டிருப்பீர்கள் என எண்ணுகிறேன். இலங்கையின் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில், உன்னிச்சைக் குளத்து நீரை நம்பி நெல் செய்பவன் என்ற முறையில், விளைந்த நெல்லை ஊருக்குள் நிறுத்துவதைப் பற்றியே நான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

மட்டக்களப்பு நெல் மிகுதியாக விளையும் மாவட்டம். இருந்தும், எங்கள் வயல்களைச் சுற்றியுள்ள கூலிக் குடும்பங்கள் கார்த்திகை, மார்கழி மழையில் கடைக்காரரிடம் அரிசி கடன் கேட்கின்றன. அறுவடை முடிந்த கையோடு, ஈரம் காயாத நெல் வயலோரத்திலேயே லொறியில் ஏறி வெளிமாவட்ட ஆலைகளுக்குப் போகிறது. பின்னர் அரிசியாகிக் கூடிய விலையில் எங்கள் கடைகளுக்கே வருகிறது. முன்பு தாக்கத்தி பிடித்து வெட்டியவர்களுக்குக் கூலி நெல்லாகவே அளக்கப்பட்டது. பெண்கள் கதிர் பொறுக்கியும் சோற்றுக்குச் சேர்த்தார்கள். வெட்டும் இயந்திரம் வந்தபின் அந்த இரண்டு வழிகளும் அடைபட்டுவிட்டன. நான் இயந்திரத்தைக் குறை சொல்லவில்லை. மழைக்கு முந்தி வெட்டி முடிக்க எனக்கும் அதுதான் துணை.

2021இல் விதிக்கப்பட்ட இரசாயன உரத் தடை அவ்வாண்டு நவம்பரில் நீக்கப்பட்டபோது மாரி மழையை ஒட்டிச் செய்யும் எங்கள் பெரும்போக விதைப்பு முடிந்திருந்தது. விளைச்சல் வெகுவாகக் குறைந்து, அரிசி விலையும் எட்டாத உயரத்துக்குப் போன 2022 சிறுபோகத்தில், அதாவது கோடைச் செய்கையில், என் வயலில் களை பிடுங்க வந்த பெண்கள் பகற்சோறு கொண்டுவராமலேயே வேலை செய்ததைக் கண்டேன். அதை எங்கள் ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் எடுத்துச் சொல்லி, அடுத்த பெரும்போகத்தில் இயன்றவர்கள் ஏக்கருக்கு ஒரு மூடை நெல்லை விற்காமல் ஊருக்கென்று ஒதுக்க வேண்டும் என்று கேட்டேன். ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு மேற்படாத நெல்லை மட்டுமே ஏற்றோம், ஏனென்றால் காயாத ஒரு மூடை பூஞ்சணம் பிடித்தால் பக்கத்து மூடைகளும் கெட்டுவிடும். பலகை மேல், சுவரில் முட்டாமல் அடுக்கினோம். மழைக்காலத்தில் கேட்டவர்களுக்கு அளந்து கொடுத்து, அறுவடைக்குப் பின் வட்டியின்றி அதே அளவு நெல்லாகவோ, வரம்பு கட்டும் வேலையாகவோ திருப்பித் தரலாம் என்று தீர்மானித்தோம். கணக்குப் புத்தகம் கூலிக்கு வரும் பெண்களின் பொறுப்பிலேயே இருக்கிறது. கடன் என்பதால் எவரும் கூசாமல் வந்து வாங்கினார்கள்.

அரசாங்கம் செய்ய வேண்டியதை விவசாயியின் தலையில் கட்டுகிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். அரசாங்கத்தின் கடமை அப்படியே இருக்கிறது. ஆனால் நிவாரணப் பட்டியல் தயாராகும்வரை பிள்ளைகளின் வயிறு காத்திருக்காது. சோறு மட்டும் போதாது என்பதும் உண்மை. வெட்டி முடிந்த வயலின் ஈரத்தில் பயறும் கௌபியும் (தட்டைப்பயறு) போட்டால் அதற்கும் ஓரளவு வழி பிறக்கும்.

கடனில் உள்ள விவசாயி எதை ஒதுக்குவான் என்ற கேள்விதான் கடினமானது. உரத்தைக் கடனுக்குத் தந்தவருக்கே நெல்லையும் கொடுக்க வேண்டியிருப்பதால், அவர் ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று மூடைக்கு இரண்டு மூன்று கிலோ கழித்தாலும் பேச முடிவதில்லை. உழைத்தவனின் நெல்லை இப்படி எடுப்பதை என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. அமைப்புக்கென்று ஒரு தராசும் ஈரப்பதன் அளக்கும் கருவியும் வாங்கிய பின்னரே எங்கள் வட்டையில் (வயல்வெளியில்) அந்தக் கழிவு குறைந்தது; சிறிய விவசாயிகள் பலர் இப்போது ஒதுக்கும் மூடை அப்படி மிஞ்சிய நெல்தான்.